செவந்தி திறக்காத மெசேஜ்

செவந்தியைப் பற்றி எங்கள் ஊரில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். புருசன் செத்ததில் புத்தி பேதலித்துவிட்டது என்பார் ஒருவர். செத்தவனோடு பேசுகிறாள் என்பார் இன்னொருவர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நான் திலகவதி, அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. ஆவுடையார்கோவில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நடந்ததை நான் சொல்கிறேன். புத்தி பேதலித்தது அவளுக்கா, இல்லை நம் எல்லோருக்குமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

செவந்தி பிறந்தது பொன்னமராவதிப் பக்கம். எட்டாவது வரைக்கும் படிப்பு, அதற்குப் பிறகு ஆடு. எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் மோட்டார் ரூமில் புகுந்த நல்ல பாம்பைக் கம்பால் வாரி எடுத்துக் கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு சோறு தின்றவள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் தராசுக்கு முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். இப்போது வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். பயம் என்ற ஒன்றை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை, அந்த ஆனி மாதம் வரைக்கும்.

புருசன் பேர் ஆத்மநாதன். எங்கள் ஊர்ச் சாமி பேர் அது, தெருவுக்கு நாலு ஆத்மநாதன் உண்டு. மகள் காவ்யா நடை பழகுகிற வயசில் அவர் வளைகுடாவுக்குப் போனார். ஏசி குழாய் மாட்டுகிற வேலை. லீவு கிடைத்தால் வருவார், புது சட்டை கசங்குவதற்குள் திரும்பிப் போய்விடுவார். அவர் போனதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பசுமாடு சினை பிடித்துக் கன்று போடுகிற காலம்கூட வராது. செவந்திக்குப் புருசன் என்றால் அந்த போன்தான்.

தமிழைத் தேடித் தேடித் தட்டுவதற்கு அவருக்குப் பொறுமை கிடையாது. எல்லாவற்றையும் குரலாகத்தான் அனுப்புவார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒன்று வந்துவிடும். "செவந்தி, அங்கிட்டு மழை உண்டா?" "செவந்தி, இன்னைக்கு என்ன கொழம்பு?" அவள் மாவை வழித்துக்கொண்டே அதை ஓடவிடுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கேட்பேன். என் வீட்டுக்காரர் வீட்டிலேயே இருந்தும் என்ன குழம்பு என்று ஒரு நாள் கேட்டதில்லை, அதனால் எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அந்த ஆனி மாதம் டிவியில் ஒரு செய்தி வந்தது. ஸ்மார்ட்போனில் மெசேஜ் வந்து சேருகிற இடத்தில் ஓர் ஓட்டை இருக்கிறதாம். எவனோ ஒருவன் படத்தையோ குரலையோ ஒட்டி ஒரு மெசேஜ் அனுப்பினால், அது வழியாக போனுக்குள் நுழைந்து, இருப்பதை அள்ளிக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுவானாம். விஷயம் அவ்வளவுதான். ஒரு ஆள் வந்து அமைதியாக இதைச் சொல்லி, இன்னின்ன செய்யுங்கள் என்று முடித்திருக்கலாம். அப்படியா சொன்னார்கள்? திரை முழுக்கச் சிவப்பு. பேய்ப் படத்தில் கதவு திறக்கும்போது வருகிற இசை. முகமூடி போட்ட ஒருவன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, உங்கள் போன் இன்னும் உங்களுடையதுதானா என்று ஒருத்தி மூச்சு விடாமல் கேட்டாள். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேட்காமல் கத்தினார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர்கள் முதலில் விளக்கை அணைத்துவிட்டு, அதற்கப்புறம் பேய் பேய் என்று கத்தினார்கள்.

மறுநாள் காலையில் செவந்தி மாவுக் கையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அவரு பேசுனதெல்லாம் இதுக்குள்ளதானே கெடக்கு. காவ்யா போட்டா இருக்கு. எவனாவது அள்ளிக்கிட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"ஒம் மாவுக் கணக்க அள்ளி அவன் என்னடி பண்ணப் போறான்? போயி வேலையப் பாரு."

"ஒங்களுக்கென்ன, அண்ணன் வீட்டுலயே இருக்காரு. எனக்கு மடியில கனம் இருக்குக்கா. அதான் பயம்."

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். மாடு தீனி எடுக்காவிட்டாலோ பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காவிட்டாலோ, ஐயனாரை நினைத்து ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைப்போம். கோவிலில் போய்ச் செலுத்துகிற நாள் வரைக்கும் அந்த முடிச்சை அவிழ்க்கக் கூடாது. செவந்தி போனை அணைத்து, காசையும் அதையும் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்துவிட்டாள். அந்த வாரம் வியாழக்கிழமை ஐயனார் கோவில் புரவி எடுப்பு. மண்குதிரைகள் கோவிலுக்குப் போய்ச் சேருகிற அன்றைக்கு அவிழ்ப்பதாக வேண்டுதல்.

"போனுக்கெல்லாமாடி முடிவாங்க?" என்றேன்.

"மாட்டுக்கு முடியிறோம். அண்ணன் வண்டி வாங்குனப்ப நீங்க முடியல? போனுக்கு முடிஞ்சா மட்டும் சாமி வேணாங்குமா?"

"ஒம் புருசன் பேசுனா?"

"வெள்ளிக்கெழம லீவு, அன்னைக்குத்தான் நின்னு பேசுவாரு. அதுக்குள்ள அவுத்துருவேன். நடுவுல அனுப்புறதச் சேத்து வச்சுக் கேட்டுக்கிறேன்."

என்னத்தைச் சொல்ல. சாமி பேரைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் வாயைத் திறக்க முடியாது. நான் கடைக்குப் போய்விட்டேன்.

அதற்கு மறுநாளே கேதச் சேதி வந்துவிட்டது. ஆத்மநாதன் இருந்த கேம்ப்பில் பொன்னமராவதிக்காரர் கோபிநாத் என்று ஒருவர் இருந்தார். அவர் தன் வீட்டுக்குச் சொல்லி, அங்கிருந்து இரண்டு பெரியவர்கள் பைக்கில் வந்தார்கள். சாவை போனில் சொல்லக் கூடாது, ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும் என்று அத்தனை தூரம் வந்திருக்கிறார்கள். தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் வாசலிலேயே நின்றார்கள். அவர்கள் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை, தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார்கள்.

திருச்சி ஏர்போர்ட்டில் இருந்து பெட்டி வந்து சேரச் சில நாள் ஆயிற்று. பெட்டியை வீட்டில் இறக்கி, பெண்கள் வட்டம் கட்டி உட்கார்ந்து ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தோம். நடுவில் இருந்த செவந்தி திடீரென்று அழுகையை நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"போன் அடிக்குது" என்றாள்.

எந்த போனும் அடிக்கவில்லை. நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. அவள் எழுந்து சாமி படத்தடிக்குப் போனாள். தீட்டோடு சாமி முடிச்சைத் தொடாதே என்று இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். காசு உருண்டு எங்கோ போயிற்று. போன் செத்தது மாதிரி கிடந்தது. அது அடித்தது என்று எப்படிச் சொல்கிறாள் இவள்? பொத்தானை அமுக்கிப் பிடித்தாள். உயிர் வந்தது. வந்ததும் மெசேஜ் மெசேஜாக விழுந்தது. பேங்க், ரீசார்ஜ், எவனோ கடன் தருகிறேன் என்றது, யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூ. ஆத்மநாதன் நம்பரில் இருந்து ஒன்றுகூட இல்லை.

கடைசியாக ஒன்று இருந்தது. நீளமான வெளிநாட்டு நம்பர். பேர் இல்லை, முகம் இல்லை. குரல் என்பதற்கு ஒரு மைக் குறி மட்டும் இருந்தது. தட்டினால்தான் பேசும். வந்த நேரத்தைப் பார்த்தேன். அவர் கடைசியாகப் படுத்த அன்றைக்குச் சாயங்காலம். செவந்தியின் கட்டைவிரல் அதற்கு மேலே போய் நின்றது, திரும்பி வந்துவிட்டது.

அன்றைக்கு அது நின்றதுதான். காரியம் முடிந்தது, தலைத் திவசம் முடிந்தது, அடுத்த திவசமும் வந்து போயிற்று. அந்த மெசேஜ் அப்படியே கிடந்தது.

அவருடைய போனும் பெட்டி படுக்கையோடு பிறகு வந்து சேர்ந்தது. அவர் விரல் வைத்தால்தான் அது திறக்கும். விரல் சுடுகாட்டில் எரிந்து போயிற்று. என்ன செய்ய முடியும்.

செவந்தியைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். மாவு அரைக்கும்போது சட்டென்று கிரைண்டரை நிறுத்துவாள். கல் சுற்றி ஓய்கிற சத்தம் அடங்குகிற வரைக்கும் காதைக் கொடுத்து நிற்பாள். போன் பக்கத்திலேயே பேசாமல் கிடக்கும். மறுபடி ஓடவிடுவாள், மறுபடி நிறுத்துவாள். ஒரு படி அரிசி அரைக்க அரை நாள் ஆகும். தண்ணீர் பிடிக்கும்போது குடத்தைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஏன்டி என்றால், "அடிச்சுதுக்கா, ஒங்களுக்குக் கேக்கலையா?" என்பாள். முதலில் நான் திட்டினேன். போகப் போக எனக்கே பயம் வந்துவிட்டது. என் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு நானும் காதைத் தீட்ட ஆரம்பித்தேன்.

இன்னொரு தடவை போன் அணைந்துவிடக் கூடாது என்று அவளுக்கு வெறி. எந்நேரமும் சார்ஜில் போட்டு வைப்பாள். கரண்ட் போனால் சார்ஜரை எடுத்துக்கொண்டு என் கடைக்கு ஓடி வருவாள், எனக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் பழைய குரல்களில் ஒன்றை ஓடவிடுவாள். "செவந்தி, இன்னைக்கு என்ன கொழம்பு?" அவளும் பதில் சொல்வாள். கத்திரிக்காய் என்பாள், கருவாடு என்பாள். மேலத்தெருவுக்குப் புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண் ஒருத்தி மாவு வாங்க வந்து, உள்ளே ஆம்பளைக் குரல் கேட்டு, வீட்டுல யாரு என்று என்னிடம் விசாரித்தாள். செத்துப்போன புருசன் என்று சொன்னேன். அவள் அதற்குப் பிறகு மாவு வாங்க வரவே இல்லை.

எங்கள் ஊர்ச் சாமிக்கே உருவம் கிடையாது. ஆவுடையார் என்கிற பீடம் மட்டும் இருக்கிறது, அதற்குமேல் சாமி இருப்பதாக நினைத்துத்தான் கும்பிடுகிறோம். ஆவி பறக்கப் பறக்கச் சோற்றைக் கொட்டி, அந்த ஆவியைத்தான் படைக்கிறோம். அந்த ஊர்க்காரியிடம் போய், ஆளில்லாத குரலோடு குடும்பம் நடத்தாதே என்று நான் எந்த வாயால் சொல்வது.

ஆனாலும் அந்த ஒரு மெசேஜை அழிக்கச் சொல்லிப் பார்த்தேன், தட்டச் சொல்லியும் பார்த்தேன்.

"ஒண்ணு அழிச்சுப் போடு. இல்லன்னா தட்டிக் கேட்டுரு. இப்புடி ரெண்டுங்கெட்டானா வச்சுக்கிட்டுச் சாகாத."

"அது தெரியாத நம்பரு, அக்கா. தட்டுனதும் உள்ள பூந்து எல்லாத்தையும் அழிச்சுட்டா? அவரு கொரலெல்லாம் போயிருமே."

"அழிக்க வேண்டியதுதானே அப்ப?"

"அவரா இருந்தா?"

அந்த நம்பருக்கு என் போனில் இருந்து நானே அடித்துப் பார்த்தேன். அரபியில் ஒரு பொம்பளை ஏதோ சொன்னாள், பிறகு இங்கிலீஷில் அந்த நம்பர் புழக்கத்தில் இல்லை என்றாள். கோபிநாத்தை விசாரித்தேன். கேம்ப்பில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், யார் நம்பரோ தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

டிவிக்காரர்களோ அந்த வாரத்தோடு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் ஏதோ ஒரு காயைத் தின்றால் ஆபத்து என்று அதே இசையைப் போட்டார்கள். மெசேஜ் ஓட்டை என்ன ஆயிற்று, அடைத்தார்களா, இன்னும் திறந்தே கிடக்கிறதா, சனங்களே இனிமேல் பயப்படாமல் தூங்குங்கள் என்று ஒருத்தனாவது வந்து சொல்ல வேண்டுமா இல்லையா? சொல்லவில்லை. ஐயனாருக்கு முடிந்த முடிச்சுக்காவது அவிழ்க்கிற நாள் என்று ஒன்று உண்டு. இவர்கள் போட்ட முடிச்சுக்கு அது கிடையாது. நாசமாய்ப் போக என்று திரையைப் பார்த்து நான் திட்டாத நாள் இல்லை, என் வீட்டுக்காரர் சத்தத்தைக் குறைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

போன தை மாதம் செவந்தி போன் கோணிக்கொண்டது. எந்நேரமும் சார்ஜில் கிடந்தால் என்ன ஆகும்? பேட்டரி உப்பி, பின்மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. தொட்டால் சுட்டது. காவ்யா அப்போது புதுக்கோட்டையில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். சேதி கேட்டு என் போனுக்கு அடித்தாள்.

"பெரியம்மா, அது வெடிச்சிரும். அம்மாவ இங்க கூட்டிக்கிட்டு வாங்க. கீழராஜ வீதியில தெரிஞ்ச கடை இருக்கு."

போனைக் கையில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் மனசு வரவில்லை. ஒரு பித்தளைச் சொம்பில் துணியைப் போட்டு அதற்குள் போனை வைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள் செவந்தி. சார்ஜ் குறைகிறது குறைகிறது என்று அறந்தாங்கி வரைக்கும் எட்டி எட்டிப் பார்த்தாள்.

கடைக்காரர் சரவணக்குமார், முப்பது வயசு இருக்கும். போனைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இத இனிமே சார்ஜ் போடவே கூடாதுங்க. இந்த மாடலுக்குப் பேட்டரியும் இப்ப வாரதில்ல. இருக்குற சார்ஜுல உள்ள இருக்குறத வேற போனுக்கு மாத்தித் தாரேன். அதுக்குமேல இதுல ஒண்ணும் இல்லைங்க."

"தம்பி, அதுல தெரியாத நம்பர் மெசேஜ் ஒண்ணு இருக்கு. மாத்துறப்ப அது வழியா வைரஸு..." என்று செவந்தி இழுத்தாள்.

"எப்ப வந்ததுங்க?"

சொன்னாள். அவர் சிரிக்கவில்லை, அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

"அந்த ஓட்டைய அப்பவே அடைச்சிட்டாங்கக்கா. அப்டேட் வந்துச்சே. ஒங்க போன்லயும் தானா ஏறியிருக்கு பாருங்க."

"டிவில சொல்லலையே."

"அதெல்லாம் எங்கக்கா சொல்லுவாங்க."

எனக்கு வந்த கோபத்துக்குக் கடைக் கண்ணாடியை உடைத்திருப்பேன். அவர் மாற்றிக் கொடுத்தார். காவ்யா வாங்கி வைத்திருந்த புது போனுக்குள் ஆத்மநாதன் பேசிய அத்தனையும் வந்து சேர்ந்தது. ஒன்றை ஓடவிட்டுக் காட்டினார். "செவந்தி, அங்கிட்டு மழை உண்டா?" என்றார் ஆத்மநாதன், கீழராஜ வீதி இரைச்சலுக்கு நடுவில். கடைசியில் அந்த நம்பரும் வந்திருந்தது.

"இப்பத் தட்டும்மா. இனிமே என்ன பயம்? அதான் எல்லாம் பத்திரமா வந்துருச்சே" என்றாள் காவ்யா.

செவந்தி தட்டவில்லை. முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை காலம் வைரஸ் வைரஸ் என்று அவள் சொன்னது அத்தனையும் ஒரு சாக்கு.

"வைரஸுக்கு யாருக்கா பயந்தா" என்றாள். "அவருக்கு மாரு வலிச்சிருக்கும். எவன் போனையாவது வாங்கி எனக்கு அடிச்சிருப்பாரு. நான் அணைச்சு வச்சிருக்கேன். அப்பறம் இதுல பேசியிருப்பாரு. 'செவந்தி, என்னால முடியலடி, போன எடுடி'ன்னு அவரு சொல்லியிருந்தா, அதக் கேட்டுட்டு நான் எப்புடி உசுரோட இருக்குறது? கேக்காத வரைக்கும் அவரு அப்புடிச் சொல்லல. நான் தட்டுனாத்தான் சொல்லுவாரு."

காவ்யா அழுதாள். நான் என்ன கல்லா, நானும் அழுதேன். சரவணக்குமார் எழுந்து வாசலுக்குப் போய், சாமான் கேட்டு வந்தவர்களை அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். தெருச் சத்தம் அமுங்கியது. ஃபேனையும் அணைத்தார்.

"தட்டிக் கேக்கணும்னு அவசியம் இல்லைங்க. இப்புடியே வச்சுக்கிட்டாலும் தப்பில்ல" என்றார்.

அதைக் கேட்டதும் செவந்திக்கு என்ன தோன்றியதோ, கையை நீட்டித் தட்டிவிட்டாள். முதலில் காற்றுச் சத்தம். எங்கோ பாத்திரம் உருள்கிற சத்தம். பிறகு ஒரு செருமல்.

"செவந்தி, நாந்தான். இது அருள்மணின்னு நம்ம ரூமுக்குப் புதுசா வந்த தம்பி போனு. இங்கிட்டு டிவிலயெல்லாம் ஒரே கலவரமா கெடக்கு. மெசேஜ் வழியா போனுக்குள்ள பூந்துர்றானுங்களாம். நான் மத்தியானமே என் போன அணைச்சு வேட்டியில சுத்திப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன். நீ பேசுனதெல்லாம் அதுலதானே இருக்கு. நீயும் அணைச்சு வையி. புள்ள போட்டாவெல்லாம் வச்சிருக்க. தெரியாத நம்பருலேர்ந்து எது வந்தாலும் தொறக்காத, என்ன? வெள்ளிக்கெழம மட்டும் போட்டு வையி, நான் இதுலேர்ந்தே பேசுறேன். ஒடனே அணைச்சு வையி. நீ எங்க, சொன்னாக் கேக்குற ஆளா."

ஒரு சின்னச் சிரிப்பு. அதோடு நின்றுவிட்டது.

வலி இல்லை, கூப்பாடு இல்லை. திடமான குரல், சோறு தின்றுவிட்டு வந்து பேசுகிற குரல். நான் செவந்தி முகத்தைப் பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு போனைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு அவரோடு பேசினாள்.

"கேட்டேங்க. நீங்க சொல்றதுக்கு முந்தியே கேட்டுட்டேங்க. நீங்க சொல்லாமயே அணைச்சு வச்சேங்க."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அது சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. தாயும் மகளும் கட்டிக்கொண்டார்கள். அப்பாடா, விட்டது சனியன் என்று நான் நினைத்தேன். ஐயனாருக்கு ஒரு கும்பிடு போட்டேன். சரவணக்குமார் உப்பிய போனைக் குறட்டால் தூக்கி ஒரு மண் சட்டியில் போட்டு வெளியே கொண்டுபோனார். காவ்யா எங்களைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து ஏற்றிவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் செவந்தி உட்கார்ந்தாள். எனக்கு நிம்மதி. கொண்டு வந்த முறுக்கைப் பிரித்து அவளுக்கும் கொடுத்தேன், கொஞ்சம் தின்றாள். டிவிக்காரர்களை நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன், முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இனிமேல் நிம்மதியாக மாவு அரைக்கலாம்டி என்றேன். ஆமாக்கா என்றாள். அறந்தாங்கியில் பஸ் நின்று, ஆள் இறங்கி ஏறி, மறுபடி கிளம்பியது. கண்மாய்கள் வந்தன. அவள் ஜன்னலை விட்டுத் திரும்பாமலே பேசினாள்.

"அப்ப அவரு போனு பெட்டிக்குள்ளதானே இருந்துருக்கு."

"ஆமா, அதான் சொன்னாரே."

"பூட்டி வச்சிருந்துருக்காரு."

"ஆமாடி."

"அந்தத் தம்பிக்கு அன்னைக்கு நைட் ஷிப்டா இருந்தா ரூமுல ஆளு இருந்துருக்காதுல்ல?"

நான் முறுக்குப் பொட்டலத்தை மடித்தேன். அவள் எங்கே போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது, நிறுத்தத்தான் வழி தெரியவில்லை.

"வலி வந்தப்ப அவரு யாரையும் கூப்புட்டுருக்க முடியாதுல்லக்கா. எழுந்து, சாவியத் தேடி, பெட்டியத் தொறந்து, வேட்டிய அவுத்து, அது உசுரு வாரவரைக்கும் காத்திருந்து... நான் என்னடான்னா அவரு என்னையக் கூப்புட்டாரு கூப்புட்டாருன்னு காதத் தீட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

"செவந்தி, அவரு தூக்கத்துல போனவரு. தூக்கத்துல போறவருக்கு போன் எதுக்கு?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் காய்ந்திருந்தது.

"தூக்கத்துலதான் போனாருன்னு யாருக்கா பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. காலையில் வந்து பார்த்தவர்கள் சொன்னது அது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஊரில் எவரையும் வாயால் மடக்குகிற நான், அந்தப் பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்து பார்த்தவள் மாதிரி, "தூக்கத்துலதான்டி" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.